கரிசலுக்கு அடியில் இருக்கிற மேடு

கோபப்படவே தெரியாத என் அண்ணனுக்கு,

உனக்கும் சேர்த்து நான்தான் கோபப்பட்டுக்கொண்டிருக்கிறேன். ஊர் முக்கில் பெரிய பிளக்ஸ் கட்டியிருக்கிறார்கள். 'எண்ணெய்க் கம்பெனியை விரட்டியடித்த வீர மண்' என்று எழுதி, ஊர்த் தலைவர் கைகூப்பி நிற்கிறார். தினமும் அதைத் தாண்டித்தான் அருப்புக்கோட்டை பஸ்ஸுக்குப் போகிறேன்.

விரட்டினார்களாம். யாரை? உன்னைத்தானே?

பரளச்சிப் பக்கம் எண்ணெய் தேடிச் சர்வே வந்தபோது நீ கூலிக்குத்தான் போனாய். காடு காடாக வயர் இழுத்து, சின்னக் குழிகளில் வெடி வைத்து, பூமிக்குள்ளிருந்து திரும்பி வரும் அதிர்வைப் பதிவு செய்கிற வேலை. மற்றவர்கள் சம்பளத்தோடு வந்தார்கள். நீ ஒரு கேள்வியையும் கொண்டுவந்தாய்.

"தங்கச்சி, கெழக்க கடல் பக்கம் மண்ணும் மணலும் அடுக்கடுக்கா ரொம்ப ஆழத்துக்குக் கெடக்காம். நம்ம பக்கம் அடிப்பாறை மேடா எந்திரிச்சு நிக்குதாம். எண்ணெய் இருந்தா அந்த மேட்டுல ஏறித்தான் தங்கும்" என்று சொல்லிவிட்டு, தட்டில் சோற்றைக் குவித்து, மேலே அப்பளத்தை வைத்தாய். "இது மாதிரி களிப்பாறை ஒண்ணு மூடியா இருக்கணும். இருக்கா இல்லையான்னுதான் பாக்குறாக."

அந்தக் கோடையில் தலைவர் தோட்டத்துப் போர்க்கிணறு வற்றியது. வெடியாலா, மழை இல்லாமலா? இன்றுவரை யாருக்கும் தெரியாது. ஆனால் போகிற இடமெல்லாம் எண்ணெய், பாறை என்று பேசிய உனக்குத்தான் கம்பெனிக்கு 'ஊரைக் காட்டிக் குடுத்தவன்' என்ற பேர் வந்தது. டீக்கடையில் உன்னோடு பேச்சு நின்றது. காட்டு வேலைக்குக் கூப்பிடுவதும் நின்றது. நீயோ, "ரிசல்ட்டு வரட்டும், அவுகளே பேசுவாக" என்றாய். ஏன் அண்ணே, ஒரு தடவையாவது சட்டையைப் பிடித்துக் கேட்டிருக்கக் கூடாதா?

நீ நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த அன்று காலையில், மதினி கார் கேட்டுத் தலைவர் வீட்டுக்குத்தான் ஓடினாள். "டயரு பஞ்சரும்மா" என்றாராம். ஆம்புலன்ஸுக்காக ரோட்டில் நின்ற என்னைத் தாண்டி அதே கார் திருச்சுழிப் பக்கம் போனது. என் கண்ணாலேயே பார்த்தேன். டவுன் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும் முன்னே நீ போய்விட்டாய்.

போன வாரம், சர்வேயில் உனக்குப் பாறையைப் பற்றிச் சொல்லிக்கொடுத்த கம்பெனி மேடம் வந்தாள். "முருகேசன் அண்ணன் இருக்காரா? முடிவு தெரிஞ்சா சொல்றேன்னு சொல்லியிருந்தேன்" என்று வாசலில் நின்றாள். மதினி என்னைப் பார்த்தாள். நான்தான் விஷயத்தைச் சொன்னேன். அந்தப் பிள்ளை அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

அப்புறம் உனக்குச் சொல்ல வந்ததை எங்களிடம் சொன்னாள். நீ சொன்ன மேடு இருக்கிறதாம். ஆனால் அதன் உச்சியில் இருந்த மூடிப்பாறை எத்தனையோ காலத்துக்கு முன்பே அரித்துப் போய்விட்டதாம். எண்ணெய் வந்திருந்தாலும் தங்கியிருக்காதாம். "இங்க வாய்ப்பு ரொம்பக் குறைவுக்கா. அதான் கம்பெனி போயிருச்சு." அவ்வளவுதான். எந்த வீரத்துக்கும் பயந்து யாரும் ஓடவில்லை.

கிராமசபையில் எழுந்து அதையேதான் சொன்னேன். "பாறையில மூடி இல்ல, அதனால போனாக. நீங்க எங்கண்ணனை மட்டுந்தான் வெரட்டுனீக. அன்னைக்கு உங்க காரு பஞ்சரில்லைன்னு எனக்குத் தெரியும்" என்றேன். "ஏலே, மைக்கை நிப்பாட்டு" என்று தலைவர் கத்தினார். மைக் நின்றது. கடைசி வரிசையில் இருந்தவர்கள் தரையைப் பார்த்தார்கள்.

அவர்களை மட்டும் திட்ட எனக்கு என்ன யோக்கியதை? ஊர் உன்னை ஒதுக்கிய நாட்களில் நானும் உன் வீட்டுப் படி ஏறவில்லை. கட்டிக்கொடுத்த வீட்டில் பேச்சு வரும் என்று பயந்தேன். எதிரே வந்த நீ, "நல்லாருக்கியா?" என்று கேட்டாய். நான் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனேன். என் கோபத்தில் பாதி என் மேலேயேதான் என்று உனக்குத் தெரியும்.

அடுத்த கிராமசபைக்கும் போவேன் அண்ணே. மைக் தராவிட்டால் தொண்டையால் பேசுவேன். முருகேசன் இந்த ஊருக்குத் துரோகம் செய்யவில்லை என்று தலைவர் வாயால் சொல்லி, அது தீர்மான நோட்டில் ஏறும்வரை உட்காரமாட்டேன்.

உன் கூடப்பிறந்தவள்,
தங்கச்சி முத்துலட்சுமி