முறிந்ததற்கு ஒரு சொல்

12-7-1973, வியாழன். அம்பத்தூர்.

ஜப்பானிலிருந்து வந்த இன்ஜினியர் இன்று பெட்டியைத் திறந்து புது ஷாஃப்டை எடுத்து வைத்தார். அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

போன மாதம் மெஷின் நின்றபோது அதைச் செய்த ஜப்பான் கம்பெனிக்கு மேனேஜர் ஆங்கிலத்தில் எழுதிய கடிதத்தை, மாலை வகுப்பில் ஜப்பானிய மொழி படிக்கும் நான்தான் மாற்றினேன். ஷாஃப்ட் 'பிரோக்' என்று எழுதியிருந்தார்; ஆங்கிலத்தில் எல்லா உடைவுக்கும் அந்த ஒரு சொல்தான். ஜப்பானிய மொழியில் பழுதானால் ஒரு வினைச்சொல், கண்ணாடி போல உடைந்தால் வேறொன்று. "டிக்‌ஷனரில முதல்ல இருக்கிறதைப் போடும்மா" என்றார் மேனேஜர். எனக்கு மனம் ஒப்பவில்லை. ஷெட்டுக்குப் போய் ஃபிட்டர் காதரிடம் கேட்டேன்.

"ரெண்டா முறிஞ்சி பூட்ச்சும்மா, இன்னா பண்றது" என்று துண்டுகளைக் காட்டினார்.

தண்டு போல இரண்டாக முறிவதற்கு மூன்றாவதாக ஒரு வினைச்சொல் உண்டு, 'ஒரேரு'. மேனேஜரிடம் சொல்லாமலே அதை எழுதி அனுப்பிவிட்டேன். ஒரு மாதமாக உள்ளுக்குள் பயம்.

"பழுது என்று எழுதியிருந்தால் வெறும் டூல்ஸோடு வந்திருப்பேன்" என்று இன்ஜினியர் மேனேஜரிடம் ஆங்கிலத்தில் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பி, முறிந்ததை நேரில் பார்த்தீர்களா என்று ஜப்பானிய மொழியில் கேட்டார்.

பார்த்தேன் என்று அவர் மொழியிலேயே சொன்னேன். வகுப்புக்கு வெளியே நான் பேசிய முதல் ஜப்பானியச் சொல் அது.