தோமா துக்கம் கேட்க வந்தான்

கொர்ச்சா,
புதன்கிழமை மாலை

அன்பு மகள் மிரேலாவுக்கு,

இங்கே நலம். நீயும் திரானாவில் வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருக்க வேண்டும். மே மாதமாகியும் குளிர் விடவில்லை. என் பன்னிரண்டாம் வகுப்பில் பாதி இருக்கை காலி. தேர்வு வரை கூடக் காத்திருக்காமல் பிள்ளைகள் ஜெர்மனிக்குப் போய்விடுகிறார்கள். ஒலிம்பி அத்தைக்கு முழங்கால் வலி. வாய்க்கு ஒன்றுமில்லை.

ஞாயிற்றுக்கிழமை தோமா வந்திருந்தான். ஆமாம், தன்னிடம் படிக்க உன்னை அழைத்து, நீ வரமாட்டேன் என்று எழுதிவிட்ட இத்தாலிப் பேராசிரியர்தான். என்னோடு ஒரே அறையில் தங்கிப் படித்தவன். உன் அம்மாவுக்குத் துக்கம் கேட்க வந்தான், அவள் போய் மூன்று வருடம் கழித்து.

எத்தனை வருடம் கழித்து வந்தாலும் துக்கம் கேட்க வந்தவனை வாசலில் நிறுத்த முடியாது. நேற்றுத்தான் சாவு நடந்ததுபோல உட்கார வைத்து, சாவு வீட்டு வழக்கப்படி சர்க்கரை போடாத காபி கொடுத்தோம். கிண்ணத்தை வைத்துக்கொண்டே அத்தை, "சர்க்கரை போட்டிருந்தாலும் உங்க ரெண்டு பேர் மூஞ்சியும் இப்படித்தான் இருக்கும்" என்றாள்.

போன கோடையில் அவன் தன் தங்கை வீட்டில் வந்து தங்கிவிட்டு, நம் தெருப்பக்கமே எட்டிப் பார்க்காமல் போனதை உன்னிடம் எத்தனை முறை சொல்லியிருப்பேன். அந்தக் கோபம் இன்னும் முழுதாகப் போகவில்லை. ஊரை விட்டுப் போனவனுக்கு ஊரைப் பற்றி எழுதுவது பிழைப்பாகிறது. இருந்தவனுக்கு எழுத நேரம் எங்கே?

கல்யாணமான புதிதில் உன் அம்மா அவனை ஒரு குளிர்காலம் முழுக்க வெங்காயம் உரிக்க வைத்ததைச் சொன்னான். எனக்கு அது மறந்தே போயிருந்தது. உன் படிப்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கிளம்பும்போது நானேதான் கேட்டேன், நீ ஏன் மறுத்தாய் என்று அவன் விசாரிக்கவில்லையா என்று.

"அவ காரணம் எழுதல, நானும் கேக்கல. அம்மா சாவுக்கு வராதவன்கிட்ட எந்தப் பொண்ணு வந்து படிப்பா? ஆனா பெத்ராக், அந்தக் கோபம் அவளோடது இல்லடா. உன் சட்டையக் கழட்டி அவளுக்கு மாட்டி விட்டிருக்கே" என்றான்.

வேறு நாளாக இருந்தால் வெளியே போகச் சொல்லியிருப்பேன். உன் இடத்தை இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை, வெள்ளிக்கிழமை வரை தள்ளிப்போட முடியும் என்றான். அதற்காகத்தான் வந்தாயா என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "பாதி" என்றான். பொய் சொல்லாததற்காக அவனை இன்னும் கொஞ்சம் வெறுத்தேன்.

அவன் போன பிறகு தூக்கமில்லை. இத்தாலி வேண்டாம், எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கிற தெசலோனிக்கி போதும் என்று நீ தொலைபேசியில் சொன்ன அன்று, அம்மா இருந்தால் பெருமைப்படுவாள் என்றேன். செத்தவளைச் சாட்சிக்கு இழுத்தேன். அவள் தோமாவை ஒருநாளும் குறை சொன்னதில்லை. அன்று சந்தோஷத்தில் அத்தைக்கும் ராக்கிச் சாராயம் ஊற்றிக் கொடுத்தேன். அவள் குடிக்காமல், "எதுக்குடா இது, புள்ள தோத்ததுக்கா?" என்று கேட்டாள்.

தெசலோனிக்கி நல்ல இடம்தான். ஆனால் இங்கிருந்து இத்தாலிக்குக் கப்பலேறிப் போன நம் நாட்டவர்கள் இத்தாலிய மொழியில் எழுதியதைத்தான் நீ படிக்க ஆசைப்பட்டாய். அதைச் சொல்லித்தர அங்கே ஆள் இல்லை என்று குளிர்காலத்தில் நீயே சொன்னாய். இலக்கியம் கற்பிக்கிறவன் நான். எனக்கு இது புரியாமல் இல்லை. ஒரே பேருந்தில் ஏறினால் ஞாயிறுதோறும் வீட்டுக்கு வந்துவிடுவாய் என்பது மட்டுமே என் கண்ணில் நின்றது. நீயும் அதை நினைத்துத்தான் சம்மதித்தாயோ என்று இப்போது பயமாக இருக்கிறது.

இதைத் தொலைபேசியிலேயே சொல்லியிருக்கலாம். உன் குரலைக் கேட்டால் மறுபடி மாற்றிப் பேசிவிடுவேன். அதனால்தான் நாளைக் காலை திரானா வேன்காரனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். கையில் கிடைத்ததும் தோமாவுக்கு எழுது. இரண்டு வரி போதும், மன்னிப்பெல்லாம் வேண்டாம். அப்பா சொன்னார் என்று மட்டும் எழுதாதே. நான் சொல்லி நீ செய்தது போதும்.

போன இடத்தில் நன்றாக இரு, மகளே. வரமுடியாத ஞாயிற்றுக்கிழமைகளுக்கு என்னிடம் காரணம் சொல்லாதே.

உன் அப்பா,
பெத்ராக்