கல்யாண கேசட்டில் ஒரு வெள்ளைத் திட்டு

ஆடி மாதம், வியாழக்கிழமை

கரையாம்புத்தூர் விஜயா அக்கா தன் கல்யாண வீடியோ கேசட்டை கம்ப்யூட்டரில் ஏற்றித் தரச் சொல்லியிருந்தார். இன்று வாங்க வந்தார். அது காப்பியிலிருந்து எடுத்த காப்பி. படம் முழுக்க வெள்ளைப் பொட்டுகள். ஒவ்வொன்றாகத் துடைத்து வைத்திருந்தேன். பெருமையாகத்தான் போட்டுக் காட்டினேன்.

பந்தியில் அவருடைய அப்பா வந்ததும் அக்கா நிறுத்தச் சொன்னார். "கன்னத்துல இருந்தது எங்கபா?"

"அழுக்குக்கா. கஷ்டப்பட்டு எடுத்தேன்" என்றேன்.

"டேப்பு அழுக்கு இல்லபா அது. எங்கப்பாவுக்கு வெண்புள்ளி இருந்துது."

டேப்பில் விழும் பொட்டு சட்டென்று மின்னி மறைந்துவிடும். இது அவர் முகத்தைத் திருப்பும்போதெல்லாம் கூடவே திரும்பியது. இத்தனை வருஷம் இதே தொழிலில் இருந்தும் யோசிக்காமல் அழித்திருக்கிறேன்.

"மொதல்ல ஏத்துனது அப்பிடியே இருக்குக்கா, மாத்தித் தரேன்" என்றேன். அக்கா கோபப்படவில்லை. "வுடுபா. ஊர்லயும் அத அழுக்குன்னுதான் சொல்லுவாங்க" என்று வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அவர் போனதும் துடைக்காத பதிவைப் போட்டேன். பந்தியில் சனம் நெருக்கியடிக்கிறது. இலைக்குப் பின்னால் ஆட்கள் இடம் பார்த்து நிற்கிறார்கள். அக்காவின் அப்பாவுக்கு இரண்டு பக்கமும் மட்டும் இலை இருக்கிறது, ஆள் இல்லை.

ஒரு வாரமாக இதே காட்சியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கும் அந்தத் திட்டுதான் தெரிந்தது.