ஓநாய் மனிதன் பேசாத வசனம்

என் செல்வினுக்கு,

வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். நீ போய் ஓராண்டு ஆகப்போகிறது. தூத்துக்குடித் திரைப்பட நண்பர்கள் உனக்கு நினைவு மலர் கொண்டுவருகிறார்கள். முதல் பக்கத்தில் 'ஓநாய் மனிதன்' படத்தைப் பற்றிய உன் பேர்போன கட்டுரை.

படம் நல்ல படம். அதில் எனக்குச் சண்டை இல்லை. நேற்றும் பார்த்தேன். பௌர்ணமியன்று ஓநாயாகிவிடும் அந்தக் குமாஸ்தா, தன்னை அறைக்குள் வைத்துப் பூட்டச் சொல்லி மனைவியிடம் கெஞ்சுகிறான். அவள் சாவியைத் தேடுகிறாள். அதற்குள் அவன் விரல்கள் நீள்கின்றன, முதுகெலும்பு புடைக்கிறது. வெறும் ரப்பரும் ரோமமும்தான். இருந்தும் பயமாயிருக்கிறது, அதே நொடியில் சிரிப்பும் வருகிறது. எத்தனை பேரால் அப்படி எடுக்க முடியும்?

ஆனால் "தனியாக அமர்ந்து பார்த்தேன்" என்று எழுதியிருக்கிறாயே, அது எப்படி? துறைமுகக் குடியிருப்பில் உங்கள் வீட்டில், கப்பலில் வேலை பார்த்த உன் மாமா கொண்டுவந்த வீடியோ டெக்கில், நாம் இருவரும்தானே பார்த்தோம்? அந்த இங்கிலீஷ் உனக்குப் பிடிபடவில்லை. "ஏலே, என்ன சொல்லுதான்?" என்று என் தொடையைக் கிள்ளிக்கொண்டே இருந்தாய். நான் நம் ஊர்ப் பேச்சில் சொல்லிக்கொண்டே வந்தேன். உன் அம்மா அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்து, "பாவம்லா அந்த மனுசன்! மேலுக்கு முடியாம துடிக்கான், நீங்க கெக்கெக்கேன்னு சிரிக்கிய!" என்று திட்டினார்களே, கட்டுரையில் அவர்களையும் காணோம்.

கதவைப் பூட்டியதும் ஓநாய் உள்ளிருந்து ஊளையிடும். அது மனைவியிடம் பேசுவதுபோல நானாக இட்டுக்கட்டி, "ஏளா, பயப்படாத. நான்தாம்ளா. கொஞ்சம் முடி மொளைச்சிருக்கு, அவ்வளவுதான்" என்றேன். நீ பாயில் உருண்டாய்.

கட்டுரையில் அதைப் "படத்தின் உச்ச வசனம்" என்று எழுதிவிட்டாய். செல்வின், அந்த இடத்தில் படத்தில் வசனமே கிடையாது. ஊளை மட்டும்தான். மலருக்கு எழுதிய அத்தனை பேரும் அந்த வரியைத்தான் மேற்கோள் காட்டுகிறார்கள். ஒருவரும் படத்தைப் போட்டுப் பார்க்கவில்லை.

கட்டுரை வந்த அன்று போனில், "எப்படில வந்திருக்கு?" என்று கேட்டாய். "நல்லாருக்கு" என்றேன். வேறு என்ன சொல்ல?

வசனம் படத்தில் இருப்பதாகவே நீ நம்பியிருந்தால் மன்னிக்கலாம். பக்கத்தில் இருந்தவனை எதற்கு எழுப்பி அனுப்பினாய்? எனக்கு வாய்த்த ஒரே சினேகிதன் நீ. அந்த மதியத்தில் நான் இல்லையென்றால், வேறு எங்கேதான் இருந்தேன்?

மலருக்கு இதைத்தான் அனுப்புகிறேன். இனி எவர் கேட்டாலும், அந்த வரி படத்தில் இல்லை என்று சொல்வேன். இது உனக்கு நான் தரும் வாக்கு. பெயர் போட்டால், செத்தவனின் புகழில் பங்கு கேட்கிறான் என்பார்கள். மொட்டைக் கடிதமாகவே தபாலில் போடுகிறேன். எழுதியது யாரென்று உனக்குத் தெரியும். உனக்கே தெரியாதென்றால், பெயர் போட்டுத்தான் என்ன?