இரண்டு முறை உப்புப் பார்த்தேன்

அன்புள்ள அப்பாவுக்கு, சலவைக்கூடத்தில் வேலை பார்க்கும் மகளின் வணக்கம். முட்டிவலி தேவலையா?

காய்ச்சல் பரவுகிறதாம், வசந்த விடுமுறைக்கும் யாரையும் ஊருக்கு விடவில்லை. விடுதியில் அவரவர் அறைக்குள் அடைந்து கிடக்கிறோம். இன்று சமையல் முறை என்னுடையது. விருந்தாகவே சமைத்து, எல்லார் வாசலிலும் தட்டு வைத்தேன்.

பக்கத்து அறைத் தையல்கார அக்கா சுவருக்கு அந்தப்பக்கமிருந்து கத்தினாள்: "ஏன்டி, கடல் தண்ணியையே காய்ச்சி ஊத்திட்டியா?"

"கை தவறிடுச்சுக்கா!" என்று சிரித்து மழுப்பினேன்.

இறக்குமுன் இரண்டு முறை உப்புப் பார்த்தேன் அப்பா. சப்பென்று இருந்ததால்தான் இன்னும் போட்டேன். பிறகு சோப்பை முகர்ந்தால் அதிலும் வாசனையில்லை. வெறும் சளிதான், பதறாதீர்கள். எல்லார் தட்டிலும் என் கை பட்டதுதான் உறுத்துகிறது.

முடிந்தால் ஊறுகாய் அனுப்புங்கள், மூக்கில் ஏறுகிற காரத்தில். காய்ச்சல் பார்க்க ஆள் வந்துவிட்டது, முடிக்கிறேன். அம்மா கேட்டால், விருந்து நல்ல ருசி என்று சொல்லிவிடுங்கள்.