பீங்கான்களைத் திருப்பிய குழாய்ப் பணியாளருக்காக

அனுப்புநர்:
பெண்கள் தையலகம் நடத்துபவர்,
நகராட்சிக் கடை, பள்ளிவாசல் எதிரில்.

பெறுநர்:
உயர்திரு ஆணையர் அவர்கள்,
நகராட்சி அலுவலகம்.

பொருள்: பொதுக் கழிப்பறைப் பீங்கான்களின் திசையை மாற்றிய குழாய்ப் பணியாளரை மீண்டும் பணியில் சேர்க்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. சாலையை அகலப்படுத்தியபோது எங்கள் பள்ளிவாசலின் பழைய கழிப்பறை இடிபட்டது. அதற்குப் பதிலாகத் தங்கள் அலுவலகம் பக்கத்திலேயே ஆண்களுக்கு இரண்டு அறைகள் கட்டித் தந்தது. வெள்ளை ஓடு, தடையில்லாத தண்ணீர், நல்ல விளக்கு. குறை சொல்ல நாக்கு கூசுகிறது. ஆனால் உட்காரத்தான் முடியவில்லை.

2. நாங்கள் தொழும்போது நோக்கும் திசை கிப்லா. அதை நோக்கியோ, அதற்கு முதுகு காட்டியோ அந்தக் காரியத்துக்கு உட்காருவதில்லை. புதிய பீங்கான்களில் ஒன்று கிப்லாவுக்கு முகம் காட்டியது, மற்றது முதுகு காட்டியது. வாலிபர்கள் கோணிக்கொண்டு உட்கார்ந்து சமாளித்தார்கள். வயதானவர்களுக்கு அந்த வித்தை வரவில்லை.

3. என் மாமனார் ஓய்வுபெற்ற கடிகாரப் பழுதுகாரர். பிற்பகல் அஸர் தொழுகைக்குப் போனால் இரவு இஷா தொழுகையும் முடித்துத்தான் வீடு திரும்புவார். இடையில் வந்தால் மறுபடி போக முழங்கால் இடம் கொடுக்காது. அவர் யாரிடமும் முறையிடவில்லை. மதியத்துக்கு மேல் தண்ணீர் குடிப்பதை நிறுத்திக்கொண்டார். கேட்டால், "தாகமே இல்லம்மா" என்பார். நானும் நம்பினேன். காய்ச்சலில் சுருண்டு விழுந்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது: அந்தக் கழிப்பறைக்குப் போகாமலிருக்கத் தண்ணீரையே விட்டிருக்கிறார், சிறுநீரில் கிருமி. "இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா கிட்னியே போயிருக்கும்" என்றார் டாக்டர். இனி வீட்டிலேயே தொழுங்கள் மாமா என்றேன். சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

4. தங்கள் அலுவலகத்தில் மனு கொடுத்தேன். எல்லா இடத்துக்கும் ஒரே வரைபடம்தான் என்று பதில் வந்தது. நேரில் போனபோது எழுத்தர், "ஏம்மா, கக்கூசுக்குமா திசை பாப்பீங்க?" என்று கேட்டார். ஆம், பார்ப்போம் ஐயா. அவர் சிரித்ததில் எனக்கு வருத்தமில்லை, கோபம்தான்.

5. அந்தப் பீங்கான்களைப் பதித்த குழாய்ப் பணியாளர் எங்கள் மார்க்கத்தவர் அல்லர். விவரம் தெரிந்ததும், "அட, அன்னிக்கே சொல்லியிருந்தா அப்பவே திருப்பி வச்சிருப்பேனே!" என்று தலையில் கை வைத்தார். தம் விடுமுறை நாளில் சொந்த சிமெண்ட்டோடு வந்து, தரையைக் கொத்தி, இரண்டையும் பக்கவாட்டில் திருப்பிப் பதித்தார். ஓடு ஒன்றுகூட உடைந்தபடி விடப்படவில்லை. அதன்பின் என் மாமனார் தண்ணீர் குடிக்கிறார். தேநீரில் இரண்டாவது தம்ளரும் கேட்கிறார், சர்க்கரை போதவில்லை என்று சண்டையும் போடுகிறார். கிருமி போய்விட்டது, சிறுநீரகம் நன்றாக இருக்கிறது என்று டாக்டர் சொன்னபோது எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அல்ஹம்துலில்லாஹ், எல்லாப் புகழும் இறைவனுக்கே.

6. இந்நிலையில், பொதுச் சொத்தைச் சேதப்படுத்தியதாகக் கூறி அவரைத் தற்காலிகப் பணிநீக்கம் செய்திருக்கிறார்கள். தூண்டியது யார் என்று பொறியாளர் விசாரித்ததற்கு, "யாரும் சொல்லல சார், நானாத்தான் செஞ்சேன்" என்று கூறியிருக்கிறார்.

7. ஐயா, அது உண்மையல்ல. அவரைக் கூப்பிட்டுக் கெஞ்சியது நான். சிமெண்ட் குழைக்கக் குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்ததும், தளம் காயும்வரை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஆட்களைத் திருப்பி அனுப்பியதும் நானே. என் தையல் கடை நகராட்சிக் கட்டடத்தில் இருக்கிறது. என் பெயர் வந்தால் கடைக்கு ஆபத்து என்று அந்த மனிதர் வாயை மூடிக்கொண்டிருக்கிறார். இதை நேற்றுத்தான் அவர் மனைவி சொல்லி அறிந்தேன்.

8. ஆகவே, அவரை உடனே பணியில் சேர்த்துக்கொள்ளுமாறு பணிவுடன் வேண்டுகிறேன். யாரையாவது தண்டித்தே ஆக வேண்டும் என்றால் என்னை அழையுங்கள். பெரிய பயம் ஒன்று வீட்டை விட்டுப் போய்விட்டதால், சின்னப் பயங்கள் இப்போது என்னை அவ்வளவாகத் தொடுவதில்லை. கடைச் சாவியைக் கேட்டாலும் கொண்டுவந்து தருகிறேன். அவர் வேலையை அவருக்குக் கொடுத்துவிடுங்கள்.

இடம்: பள்ளிவாசல் தெரு
நாள்: வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகைக்குப் பின்

தங்கள் பதிலுக்குக் கடை வாசலில் காத்திருக்கும்,
(கையொப்பம்)
தையல்காரர், கடிகாரக்காரரின் மருமகள்