முனி எறிந்த பந்து

ஞாயிறு, வைகாசி 11

துபாயிலிருந்து யாருக்கும் தெரியாமல் கொண்டுவந்த மூன்றாம் நம்பர் கோல்ஃப் மட்டையில் அடித்தால் பந்து எப்போதும் வலப்பக்கமே ஓடும். இன்று பிடியில் சுற்றியிருந்த டேப்பை உரித்து மெல்லிசாக்கி, இடது கையைச் சற்று வலப்பக்கம் திருப்பிப் பிடித்து, வறண்ட கண்மாய்க்குள் நின்று அடித்தேன். நேராகப் பறந்து கரையைத் தாண்டியது. அங்கே யாரோ அலறினார்கள். வீட்டுக்கு ஓடிவந்துவிட்டேன்.

சாயங்காலம் அண்ணன் காதில் கட்டோடும் கையில் என் பந்தோடும் வந்தார்.

"கண்மாய்க்கரை முனி எறிஞ்சிருக்காருடா. ஒரு விரக்கடை தள்ளியிருந்தா நெத்திப்பொட்டுலயே பட்டிருக்கும். பாரு, 'மு'ன்னு தன் பேரையே எழுதி விட்டிருக்காரு."

பந்தைச் சாமி படத்துக்குக் கீழே வைத்துக் கும்பிட்டார். நானும் கூடச் சேர்ந்து கும்பிட்டேன்.

நாளைக்குக் குறி கேட்கக் கோடாங்கியைக் கூட்டிவருகிறாராம். என் கட்டிலுக்கு அடியில் இன்னும் பதினொரு பந்து கிடக்கிறது. எல்லாவற்றிலும் 'மு'தான். முத்துக்குமார் என்று முழுசாக எழுத இடம் போதவில்லை.